சுல்தானும் மிஸ்கீனும் ஒரு மூடிய கதவும்

விடுமுறையில் போன ஊழியர் திரும்பி வந்தால் தன் பழைய கதிரையில் உட்காரலாம். யாரும் முகத்தில் அறையக் கூடாது. அரச சேவையில் நான் காலமெல்லாம் கட்டிக்காத்த விதி இது. எங்கள் வீட்டுப் பூனை சுல்தானுக்கு மட்டும் அதை எவரும் அறிவிக்கவில்லை போலும்.

சுல்தானும் மிஸ்கீனும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரே தட்டில் தின்று, ஒருவன்மேல் ஒருவன் உறங்கியவர்கள். காதில் புண் என்று மிஸ்கீனை மிருக வைத்தியரிடம் விட்டிருந்தோம். வெள்ளிக்கிழமை காலை வீடு திரும்பினான் — ஆஸ்பத்திரி நாற்றத்தோடு.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஓய்வுபெற்றவனால் முடிகிற காரியமா அது? ஜும்ஆவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். கையில் அத்தர் குப்பி. எனக்கு ஒரு சொட்டு... மிஸ்கீனின் முதுகிலும் ஒரு சொட்டு. அவனும் மணக்கட்டுமே!

சுல்தான் வந்தான். மோந்தான். அடுத்த நொடி மிஸ்கீன் அலுமாரிக்கு மேல். சுல்தான் கீழே, வால் பருத்து, சீறிக்கொண்டு.

முறைப்படி சமரச விசாரணை நடத்தினேன். இருவரையும் மடியில் வைத்து, நேருக்கு நேர். தீர்ப்பு இன்னும் என் முழங்கையில் இருக்கிறது.

"இஞ்சாருங்க, இது சரிவராது," என்றாள் மனைவி. "வாற செவ்வாய் இல்ல, அதுக்கு மத்த செவ்வாய் தம்பி லொறியோட வாறான். சுல்தான மாவடிப்பள்ளி நெல்லு மில்லுக்கு அனுப்புவம். எலி புடிச்சித் தின்னட்டும்."

"அவன் எலியக் கண்டா கட்டிலுக்குக் கீழ ஓடுற ஆள் கா!"

"அப்ப நீங்களும் கூடப் போங்க. துணையா இரிக்கும்."

பகிடிதான். ஆனால் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் என் பேப்பர்மேல் ஏறிப் படுத்து, மரண அறிவித்தல் பகுதியை மட்டும் வாசிக்க விடுகிறவன் அவன். இந்த வீட்டில் வேறு யார் என்னை அவ்வளவு மதிக்கிறார்கள்?

மிருக வைத்தியருக்குப் போன் எடுத்தேன்.

"அத்தர் பூசினீங்களா சேர்?"

"ஓம். நல்ல அத்தர்தான்."

"பூனை ஆள அறியிறது மூக்காலதான் சேர். அவருக்கு அது தம்பி இல்ல, வெளியாள். அத்தரும் பூனைக்குக் கூடாது, நல்லாத் துடைங்க. ரெண்டு பேரையும் வேற வேற அறையில விடுங்க. ஒராளத் துடைச்ச துணிய மத்தாள்ட தட்டுக்குக் கீழ வைங்க. மூடின கதவுக்கு ரெண்டு பக்கமும் சாப்பாடு. சீறினா தட்டப் பின்னுக்கு இழுங்க. மடியில வெச்சி நேருக்கு நேர் மட்டும் காட்டிராதீங்க."

முழங்கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டேன் — போனில் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

துணி தேடிய மனைவிக்கு வீடு முழுவதும் அகப்பட்டது நான் உடுக்கும் மருதமுனைக் கைத்தறிச் சாரன் ஒன்றுதான். பெருநாளுக்கு எடுத்தது. இரண்டாகக் கிழித்தாள்.

கதவின் இரு புறமும் கீரிமீன் வைத்தோம். முதலில் சுல்தான் அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு தூரத்தில் நின்று உறுமிக்கொண்டே தின்றான். தட்டைக் கதவை நோக்கி ஒவ்வொரு சாணாக நகர்த்தினோம். மிஸ்கீனோ, தின்று முடித்ததும் கதவுக்கடியில் முன்னங்காலை நீட்டி நீட்டி மனுக் கொடுப்பான். மறுபக்கம் மௌனம். அரச கந்தோர்களில் இதைத்தான் 'பரிசீலனையில் உள்ளது' என்போம்.

லொறி வருவதற்கு முதல் நாள், அஸர் தொழுகைக்குப் பிறகு, சுல்தானின் கால் ஒன்று மெதுவாக நீண்டு மிஸ்கீனின் காலைத் தொட்டது. நகம் உள்ளே.

மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். போனை எடுத்தாள்.

"தம்பி, நாளைக்கு நீ இஞ்ச வரத் தேவல்ல. நேரா மில்லுக்குப் போ."

மிஸ்கீனின் மனுவுக்குப் பதில் கிடைத்த நாள்: திங்கட்கிழமை.