ஊத்தங்கரை முருகேசன்

இன்று ராயக்கோட்டை பஸ்ஸில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஓசூர் லோக்கல் சேனலில் பதினோரு வருடமாகச் செய்தி வாசிப்பவளுக்குக் கிடைக்கிற ஒரே ஓய்வு அது.

கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டதுமே பக்கத்து சீட்டுப் பெண் திரும்பினாள்.

"நியூஸ் படிக்கிற மேடம்தானே? கொரல வச்சே கண்டுபுடிச்சிட்டேன்."

செல்ஃபி கேட்பாள் என்று நினைத்துச் சிரித்தேன்.

"போன வருசம், பைக்குல போன ஒருத்தரு கம்பெனி பஸ் மோதி செத்துட்டாருன்னு படிச்சீங்களே. ஊத்தங்கரை முருகேசன்னு."

ஞாபகம் வந்துவிட்டது. அவர் ஊத்தங்கரை இல்லை, உத்தனப்பள்ளி. அவசரத்தில் ஊரை மாற்றி வாசித்துவிட்டேன். அரை மணி நேரம் கழித்து நானே திருத்தமும் வாசித்தேன்.

"தப்பாப் படிச்சிட்டேங்க, மன்னிச்சிடுங்க" என்றேன்.

"அதுக்கில்ல மேடம். எங்க வூட்டுக்காரரு பேரும் முருகேசன்தான். ஊத்தங்கரைன்னு நீங்க சொன்னதும்தான் உசுரே வந்துச்சு. யாரோ பாவம்னுட்டு, அவரு வந்தா சாப்புடுவாருன்னு களி கிண்ட ஒல வச்சேன்."

முகத்தை மூடியிருந்த துப்பட்டாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

உத்தனப்பள்ளியில் இறங்கும்போது என் பக்கம் குனிந்து கேட்டாள்.

"அந்தத் திருத்தத்தப் படிக்காம வுட்டிருக்கலாமே, மேடம்?"

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று 'உத்தனப்பள்ளி' என்று பத்து தடவை சொல்லிப் பார்த்தேன். இப்போதெல்லாம் சரியாகத்தான் வருகிறது.

நாளைச் செய்தியை எனக்குப் பதிலாக யாராவது வாசிக்கிறீர்களா?