டாங்க் நிரம்பிய காலை

டோரீன் ஹுடாக் அந்தப் பழைய மினிவேனை வாங்கியது கணவனின் சக்கர நாற்காலிக்காக. லைல் இரும்பாலையில் கிரேன் மேலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தவன். வேனின் பக்கக் கதவைத் தள்ளிப் பலகையைச் சாய்த்தால் நாற்காலியோடு அவனை ஏற்றிவிடலாம். ஸ்ட்ரதர்ஸ் என்ற சிறிய ஊரில் அவர்களும் நாங்களும் எதிரெதிர் வீடு. பள்ளிச் சமையலறையில் அவளும் நானும் ஒன்றாக வேலை பார்த்தோம்.

விழுந்த நாளிலிருந்து வேன் வரும்வரை லைல் வீட்டு ஜன்னலைத் தாண்டி எதையும் பார்த்ததில்லை. வந்த பிறகு ஏரியில் மீன் பிடித்தான், பேஸ்பால் ஆட்டத்துக்குப் போய்க் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டு வந்தான்.

அந்தக் கோடையிலேயே வேன் நடு நாற்சந்தியில் நின்றது. இன்ஜின் அணைந்து, ஸ்டீயரிங் கல்லாக இறுகிவிட்டது. பின்னால் ஹாரன் அலறியது.

"ராணி ஊர்வலம்னு நினைச்சுட்டாங்க போல. கையாட்டு டோரீன்," என்றான் லைல்.

அவள் சிரிக்கவில்லை. சாவியைத் திரும்பத் திரும்பத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

தெருமுனை மெக்கானிக் எமில் பெட்ரோல் பம்பை மாற்றினான், பில்டரை மாற்றினான். வேன் மறுபடி நின்றது. கடைசியில் அந்த வேன்களை விற்கும் கம்பெனியின் சர்வீஸ் கூடத்துக்கே கொண்டுபோனாள்.

"நாங்க ஓட்டிப் பார்த்தோம் மேடம். ஒரு குறையும் இல்ல."

"எனக்கு நின்னுச்சே!"

"எங்களுக்கு நிக்கலையே."

நாற்காலியிலிருந்து லைல் குரல் கொடுத்தான்: "அப்ப தினமும் காலையில வீட்டுக்கு வந்து நீங்களே ஓட்டுங்க. காபி நான் தர்றேன்."

விஷயம் பிடிபட்டது ஒரு பெட்ரோல் பங்க்கில். அதே மாதிரி வேன் ஒன்று வெளிவாசலில் இன்ஜின் மூடி திறந்து நின்றது. பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு பெண். பெயர் யோலண்டா பிக்கன்ஸ். உள்ளே மூன்று பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"உங்களுதும் நிக்குதா?" என்று கேட்டாள் டோரீன்.

"நிக்காம? முழுசா பெட்ரோல் போட்டேன்னா, போட்டதும் கிளம்புற முதல் ஓட்டத்துல நின்னுடும். பாதி போட்டா ஒண்ணும் பண்ணாது. சர்வீஸ்ல சொன்னா என்னைப் பைத்தியம்ங்கறான்."

டோரீன் அங்கேயே நின்று ஒவ்வொரு தடவையையும் நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் டாங்க் நிரம்பித்தான் இருந்திருக்கிறது.

அன்றிலிருந்து பாதி டாங்க்கோடு நிறுத்திக்கொண்டாள். இலையுதிர் காலம் முழுக்க வேன் ஒருமுறைகூட நிற்கவில்லை.

நவம்பரில் அவளுக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை தேவாலயக் கூடத்தில் பியரோகி விற்பார்கள். உருளைக்கிழங்கு வைத்த அந்தக் கொழுக்கட்டை இல்லாமல் லைலுக்கு வாரம் முடியாது. அவனுடைய தம்பி டுவைட் வேனில் கூட்டிப்போனான். டுவைட் வேலை போய் உட்கார்ந்திருந்தவன். அண்ணனுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று உள்ளுக்குள் குமைந்தவன். அதற்குமுன் அவன் அந்த வேனை ஓட்டியதில்லை, அதனால் பாதி டாங்க் விஷயத்தை யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. திரும்பும்போது எங்கள் தெருமுனை பங்க்கில் டாங்க்கை நிரப்பி, வேன் நிற்பதற்குள் நாலு வீடு தள்ளியிருந்த வாசலில் விட்டுவிட்டுப் போனான்.

சனிக்கிழமை காலை லைலுக்கு மருத்துவமனையில் முறை. உட்கார்ந்து உட்கார்ந்து முதுகின் கீழே புண் ஆழமாகியிருந்தது. டோரீன் சாவியைத் திருப்பினாள். பெட்ரோல் அளவு காட்டும் ஊசி உச்சியில் நின்றது.

"டுவைட் செலவு பண்ணியிருக்கான்! இந்த நாளைக் காலண்டர்ல குறிச்சு வை," என்றான் லைல்.

"லைல், இது வழியில நிக்கும்."

"இன்னிக்கு விட்டா மறுபடி கிறிஸ்துமஸுக்குத்தான் கூப்பிடுவாங்க. மெதுவாப் போ."

போனாள். வண்டிகள் வலப்பக்கம் ஓடும் நெடுஞ்சாலையில் இடப்பக்கம் திரும்பும்போது, எதிர்த்தடத்தின் குறுக்கே, இன்ஜின் அணைந்தது. ஜல்லி ஏற்றிவந்த லாரியால் நிறுத்த முடியவில்லை. மோதியது லைல் இருந்த பக்கம். அவன் அங்கேயே இறந்தான். டோரீனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. எதிரில் வந்த வண்டிக்கு வழிவிடாமல் திரும்பினாள் என்று போலீஸ் அவள்மேல் வழக்கு எழுதியது. நசுங்கிய வேனில் சோதித்துப் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

அடக்கம் முடிந்து சில வாரம் கழித்து நான் அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். டுவைட் வந்தான். கோட்டைக் கழற்றவில்லை.

"எமில் சொன்னான், டாங்க் நிரம்பினா அந்த வேன் நிக்கும்னு. நெஜமா?"

டோரீன் காபிக் கோப்பையை ஒற்றைக் கையால் நகர்த்தி வைத்தாள்.

"நெஜமா டோரீன்?"

"நெஜம்தான்."

"அப்ப நான்தான்."

"இல்ல. சாவியைத் திருப்பும்போது ஊசியை நான் பார்த்தேன். தெரிஞ்சேதான் எடுத்தேன். உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இதுல நீ பங்கு கேக்காத."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவள் எழுந்து போய்த் தொடவில்லை. முறிந்த தோளுக்காக ஒரு கை துணிக்கட்டில் தொங்க, மேஜையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் குழாயை நிறுத்தவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.

அதன்பின் யோலண்டாவும் அவளும் கடைகளின் வாகன நிறுத்தங்களில் அதே மாதிரி வேன்களைத் தேடி அலைந்தார்கள். கண்ணாடித் துடைப்பான்களின் அடியில் துண்டுச்சீட்டு செருகினார்கள்: பெட்ரோலை முழுதாக நிரப்பாதீர்கள், உங்கள் வேன் நின்றிருந்தால் கூப்பிடுங்கள். சிலர் கசக்கி எறிந்தார்கள். பலர் கூப்பிட்டார்கள். பாலத்தின் மேல் நின்றவர்கள், ரயில் தண்டவாளத்தில் நின்றவர்கள். எல்லாரையும் அரசாங்கத்துக்குப் புகார் செய்ய வைத்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்துக் கம்பெனி ஒப்புக்கொண்டது. டாங்க்கின் மேலே ஒரு வால்வு சரியாக மூடாமல், ஆவி போகவேண்டிய குழாயில் பெட்ரோலே ஏறி இன்ஜினைத் திணறடித்ததாம். இலவசமாக மாற்றித் தருவதாகச் செய்தியில் சொன்னார்கள். டோரீன் தொலைபேசியை எடுத்தாள்.

"வண்டிய எப்ப கொண்டுவர முடியும் மேடம்?" என்று ஒரு பெண் இனிமையாகக் கேட்டாள்.

"கொண்டுவர முடியாது. உடைச்சு எடைக்குப் போட்டாச்சு."

"அப்படின்னா இந்தச் சலுகை உங்களுக்குப் பொருந்தாதுங்க."

"ஆமா, பொருந்தாது," என்றாள் டோரீன்.

அவள்மேல் எழுதிய வழக்கை ரத்து செய்யச் சொல்லியும் கேட்டாள். அதற்கான காலம் கடந்துவிட்டது என்று நீதிமன்றத்தில் சொல்லிவிட்டார்கள். டுவைட் தெற்கே டென்னசிக்குப் போய்விட்டான். எப்போதாவது கூப்பிடுவான். இருவரும் பனியைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். லைல் பேச்சை எடுக்க மாட்டார்கள். டோரீன் இன்னும் பள்ளிச் சமையலறையில்தான் இருக்கிறாள். வேலைக்குப் போகும்போது என் காரில் வருவாள், பெட்ரோல் ஊசி கண்ணில் படாத பின்சீட்டில் உட்கார்ந்து.