இடது பக்கம் மட்டும் தேய்ந்த பிரேக்

பிரேக் நன்றாகப் பிடித்தது என்று எந்த மெக்கானிக்குக்கும் யாரும் போன் போட்டுச் சொன்னதில்லை; பிடிக்காத அன்றைக்குத்தான் நம் பெயர் ஞாபகத்துக்கு வரும். கார் வைத்துக்கொண்டு அவதிப்படுகிறவர்களும், அந்தக் காரை ரிப்பேர் பார்த்து அவதிப்படுகிறவர்களுமான சக பாவிகளே, இரண்டாயிரத்துக்குப் பின் வந்த வருஷங்களில், மேற்கு தாம்பரத்தில் என் ஷெட்டில், ஒரே ஒரு சக்கரம் என்னைப் படுத்திய பாட்டைக் கேளுங்கள்.

முதல் வாட்டி

மல்லிகா அக்காவும் அவர் வீட்டுக்காரர் தனசேகரும் கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரர்கள். கரையில் மீன் எடுத்து, மேடவாக்கம் வழியாகத் தாம்பரம் வந்து விற்பார்கள். வேனை அவர் ஓட்டுவார், அக்கா பக்கத்து சீட்டில். ஒரு மத்தியானம் அந்த வேன் என் ஷெட்டுக்கு வந்தது. மீன் வண்டி என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள், அப்படிக் கழுவித் துடைத்திருந்தது. வண்டி இடது பக்கமே இழுக்கிறது என்றார்கள்.

முன்சக்கரங்களைக் கழற்றினேன். வலது பக்கத்து பிரேக் பேட் பாதிக்கு மேல் பாக்கி இருந்தது. இடது பக்கத்தில் வெறும் தகடுதான் மிச்சம். ஏன் ஒரு பக்கம் மட்டும் என்று அங்கேயே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. இரண்டு பக்கமும் புதுசு போட்டு, அண்ணன் எந்நேரமும் பிரேக்கிலேயே கால் வைத்து ஓட்டுகிறார் என்று ஒரு பிரசங்கமும் செய்தேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"கடல்ல அலைகிட்டகூட இவ்ளோ அடி வாங்கல தம்பி."

இரண்டாவது வாட்டி

நாலு மாதத்தில் அதே வேன், அதே பளபளப்பு, அதே இடது பக்கம். கால் வைக்கிற பழக்கம்தான் காரணம் என்றால் இரண்டு பேடும் சேர்ந்து தேய வேண்டும். தனசேகர் அண்ணன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

இந்தத் தடவை பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரையும் பிரித்தேன். அது முன்னும் பின்னும் நகருவதற்கு, விரல் கனத்தில் இரண்டு இரும்புப் பின்கள் உண்டு. இரண்டும் துருப்பிடித்து இறுகியிருந்தன. அந்தப் பின்கள் நகராவிட்டால் பேட் விலகாது. பிரேக்கை விட்ட பிறகும் உரசிக்கொண்டே ஓடும். ஆஹா, பிடித்துவிட்டேன்! உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் வைத்து, ரப்பரெல்லாம் மாற்றி, "கடல் காத்துக்கா, அதான் துரு" என்று தீர்ப்பும் சொல்லி அனுப்பினேன். பக்கத்து ஷெட்டில் டிங்கரிங் பார்க்கிற பாபு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். வேன் தெரு திரும்பியதும் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"மச்சான், கடல் காத்து இன்னா லெஃப்ட் சைடு மட்டும் பாத்தா அடிக்கும்?"

நடுவில் ஒரு பிரிண்ட் அவுட்

அவன் கேட்டது நியாயம் என்பதால் அவனோடு நான் ரெண்டு நாள் பேசவில்லை. அந்தச் சமயத்தில் மடிப்பாக்கத்திலிருந்து ஒரு சார் வந்தார். அவர் காரிலும் ஒரு பக்கம்தான் தேய்ந்திருந்தது. பிரவுசிங் சென்டரில் அதைப் பற்றி ஆறு பக்கம் பிரிண்ட் எடுத்துக் கையிலேயே வைத்திருந்தார். பிரேக் ஆயில் போகிற ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் ஊதி அடைத்திருந்தது. அரை மணியில் வேலை முடிந்தது.

எனக்குத்தான் முடியவில்லை. "சார், அந்தப் பேப்பரைக் கொஞ்சம் குடுங்க" என்று வாங்கி, கூட்டிக் கூட்டிப் படித்தேன். மீன் வேனுக்கு மருந்து எந்தப் பக்கத்திலாவது இருக்காதா என்ற ஆசைதான். சார் முகம் வெளிறிவிட்டது.

"டாக்டரே நோட்ஸ் பார்த்தா பேஷன்ட் எங்கங்க போறது?"

மூன்றாவது வாட்டி

அடுத்து வேன் வந்தது ஒரு காலை நேரம். கழுவாமல், மீன் வாசனையோடு, இடது சக்கரத்தில் புகைச்சல் நாற்றத்தோடு. சேலையூரில் பிரேக் போட்டபோது வண்டி இடது பக்கம் பாய்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்ற பஸ் ஸ்டாப்புக்கு ரெண்டு முழம் முன்னால் நின்றதாம். தனசேகர் அண்ணன் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தார். அக்காதான் சொன்னார்: "வண்டி நின்னுச்சு தம்பி, அந்தப் புள்ளைங்கதான் இன்னும் என் கண்ணு முன்னாடி நிக்குது." இரண்டு முறை சரி என்று சொல்லி அனுப்பியவன் நான்தானே.

வண்டிக்கு அடியில் படுத்தேன். நெற்றியில் சொட்டென்று ஒரு துளி. வழிந்து உதட்டுக்கு வந்தது. உப்பு! எழுந்து இடது கதவைத் திறந்தேன். அக்கா கால் வைக்கிற இடத்தில் ஒரு கூடை வஞ்சிரம், மேலே கடல் தண்ணீர் தெளித்த ஈரக் கோணி. கூடைக்குக் கீழே தகட்டில் துரு அரித்த ஓட்டை. அதற்கு நேர் கீழே இடது காலிப்பர்.

"இந்தக் கூடை எப்பவும் இங்கதானாக்கா?" என்றேன். "வாடிக்கை வூட்டுக்குப் போற மீனு, பின்னாடி வெச்சா குலுங்கி வீணாப்பூடும், எப்பவும் என் காலாண்டதான்" என்றார். அப்படியானால் இத்தனை நாள் இது ஏன் என் கண்ணில் படவில்லை? அதற்கும் அவரே பதில் சொன்னார்.

"உனுக்குக் கவுச்சி அடிக்குமேன்னு ஒவ்வொரு வாட்டியும் எல்லாத்தையும் எறக்கி, கழுவி, காயவெச்சுல்ல கொண்டாந்தோம்!"

சமமான பேட்

என் மூக்குக்காக அவர்கள் பார்த்த மரியாதைதான் அவர்கள் உயிரை பஸ் ஸ்டாப் வரை கொண்டுபோயிருக்கிறது. பாபுவைக் கூப்பிட்டேன், ஓட்டைக்குத் தகடு வைத்து அடைத்தான். நான் காலிப்பரையே புதிதாக மாற்றினேன். கூடை போய், ஓட்டையில்லாத பிளாஸ்டிக் டப் வந்தது. அதைப் பின்னாடி வைக்கலாமே என்று கேட்டுப் பார்த்தேன். அக்கா ஒப்பவில்லை.

ஆறு மாதம் கழித்து, நானே வரச் சொல்லி சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தேன். இடதும் வலதும் ஒரே கனம். அந்த இரண்டு பேடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அந்த பஸ் ஸ்டாப்பிலிருந்து நேரே வேறு ஷெட்டுக்குத்தான் போயிருப்பார்கள், போகிற வழியெல்லாம் என் மானத்தையும் வாங்கியிருப்பார்கள். அன்றைக்கு ஏன் என்னிடமே வந்தீர்கள் என்று அக்காவிடம் கேட்டேவிட்டேன்.

"புது ஆளாண்ட போனா மொதல்லேர்ந்து தப்பு பண்ணுவான் தம்பி, நீதான் ரெண்டு தப்பை முடிச்சிட்டியே."

அன்றிலிருந்து என் ஷெட் வாசலில் 'தயவுசெய்து வண்டியைக் கழுவாமல் கொண்டு வரவும்' என்று ஒரு போர்டு தொங்குகிறது, எதிரே வண்டி கழுவும் வாட்டர் சர்வீஸ் வைத்திருப்பவர்தான் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.