பார்க்டேல் வாசலில் கையை உயர்த்தி நின்ற எல்றோய்

ரொறன்ரோவுக்கு வரப்போகிற ஆட்கள் என்னிடம் கேட்பதெல்லாம் இரண்டே கேள்வி. நயாகராவுக்கு எப்படிப் போவது, அந்த உயரக் கோபுரத்தில் ஏற எவ்வளவு. எழுதி எழுதி எனக்கே அலுத்துப்போச்சு. இந்தமுறை ஒரு பஸ், ஒரு சப்வே, இன்னொரு பஸ். நகரத்தின் கிழக்கிலிருந்து மேற்குக்கு, இருபத்துமூன்று கிலோமீற்றர் அளவில். வழியில் பார்க்க ஒன்றுமில்லை என்பீர்கள். கனடா முழுக்கத் திரிந்த எனக்கு மறக்காத பயணம் இதுதான், என்ன செய்ய.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு, நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. இப்போது அஜக்ஸில் வீடும் புல்லுமாக இருக்கிறேன். அப்போது டோர்செட் பார்க்கில், கெனடி ரோட்டுக்கரைக் கட்டடம் ஒன்றின் பதினோராம் மாடியில் தனியாக இருந்தேன். அந்தக் கட்டடத்தில் பாதி எங்கள் சனம். லிப்ற்றுக்குள் ஏறினால் பொரித்த மீன் மணக்கும், வாயூறும். ஆனால் "சாப்பிட்டீரோ" என்று கேட்க எனக்கு ஒரு சீவன் இல்லை.

காரணம் இருந்தது. ஊரில் எங்கள் ஒழுங்கையில் என்னையும் சேர்த்து ஏழு பெடியளை ஆமி பிடித்துக்கொண்டு போனது. நாலாம் நாள் என்னை மட்டும் விட்டார்கள். மற்றவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அந்த ஆறு பேரில் ஒருவனின் தமையன் நடராசா அண்ணை. அவர் இதே கட்டடத்தில் ஒன்பதாம் மாடி. எனக்கு முன்னாலேயே கதை கடல் தாண்டி வந்திருந்தது: இவன் தலையாட்டி. இந்தச் சொல் தெரியாத வாசகர்களுக்குச் சொல்கிறேன். முகத்தைச் சாக்கால் மூடி ஒருவனை ஜீப்பில் இருத்துவார்கள். வரிசையில் வருகிற ஆளைப் பார்த்து அவன் தலையை ஆட்டினால், அந்த ஆள் வீடு திரும்பமாட்டான். நான் யாருக்கும் தலையாட்டவில்லை. ஆனால் யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை. லிப்ற்றுக்குள் கண்டால் நடராசா அண்ணை ஒரு சிரிப்புச் சிரிப்பார். ஐயோ, அந்தச் சிரிப்பைவிட அவர் என் கன்னத்தைப் பொத்தி அறைந்திருக்கலாம்.

எல்றோய் என்னோடு பிளாஸ்ரிக் பக்ரறியில் பெட்டி கட்டுகிறவர். கறுப்பினத்தவர், அமெரிக்காவில் பிறந்தவர், ஐம்பது தாண்டின நெடிய மனிதர். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கூட்டம் கூட்டமாக இருக்க நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் இருப்போம். அவர் எப்போதும் முதுகைச் சுவருக்குக் கொடுத்து, வாசலைப் பார்த்தபடிதான் இருப்பார். ஒருநாள் என் சோற்றுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன். "அந்தக் கதிரையிலை இருக்காதை, வாசலை மறைக்குது" என்றார். அதுதான் அவர் என்னோடு பேசின முதல் பேச்சு. (அவர் பேசியது இங்கிலிஸ். நான் என்னுடைய பாசையில்தான் எழுதுகிறேன்.)

அந்தக் கிழமை அவர் கேட்டார்: "சிவா, சனிக்கிழமை பார்க்டேலுக்கு ஒரு இடத்துக்குப் போகவேணும். கூட வாறியோ? உள்ளை விடாட்டி, திரும்பி வரேக்கை தனிய வர ஏலாது." எனக்குச் சனிக்கிழமையில் வேறு என்ன வெட்டி முறிக்கிற வேலை. ஓம் என்றேன்.

பன்னிரண்டு மணிக்குக் கெனடி ரோட்டில் பஸ் ஏறினோம். அப்போது ஒரு ஆளுக்கு இரண்டு டொலர். சாரதியிடம் மறக்காமல் மாறுசீட்டு வாங்கவேண்டும். இல்லாவிட்டால் சப்வேயில் திரும்பக் காசு. எல்றோய் கறுப்பு சூட், வெள்ளைச் சேர்ட், மினுக்கின சப்பாத்து. சாரதி அவரைப் பார்த்து, "கலியாணமோ?" என்றார். "தெரியேல்லை. வாசலுக்குப் போனாத்தான் தெரியும்" என்றார் எல்றோய். சாரதி தோளைக் குலுக்கிவிட்டுச் சீட்டைக் கிழித்துத் தந்தார்.

கெனடி ஸ்ரேசனிலிருந்து லான்ஸ்டவுன் வரைக்கும் ஒரே ரெயில், முக்கால் மணித்தியாலத்துக்குக் கிட்ட. சனிக்கிழமை மத்தியானம் என்றால் இருக்க இடம் கிடைக்கும். வோர்டன் தாண்டும் மட்டும் வெளிச்சத்தில் ஓடும், பிறகு நிலத்துக்குக் கீழே போய்விடும். நிலத்துக்குக் கீழே போனபிறகுதான் எல்றோய் வாயைத் திறந்தார்.

இருபத்தைந்து வருசத்துக்கு முன்னால், எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அமெரிக்க நகரத்தில், கறுப்பின ஆட்களின் சிறு சபை ஒன்று இருந்தது. பாதி கோயில், பாதி கட்சி. தங்களுக்கென்று கடை, தங்களுக்கென்று பள்ளிக்கூடம், அடிக்கிற பொலிசுக்கு முன்னால் தலை குனியாத ஒரு கூட்டம். சபைக்குள் போகிற ஒவ்வொரு ஆளையும் வாசலில் இரண்டு பேர் கையால் தடவிச் சோதிப்பார்கள். தலைவரையும் விடமாட்டார்கள். வெளியிலிருந்து வருகிற பிரமுகர்களைத்தான் சோதிக்காமல் குனிந்து வரவேற்று உள்ளே அனுப்புவது. வாசலில் நின்ற அந்த இரண்டு பேர்தான் எல்றோயும் ஹார்வி என்கிற அவருடைய உயிர்ச் சினேகிதனும்.

"சோதிக்கிறது அவமானம் இல்லையோ?" என்று கேட்டேன். ஊரில் ஆனையிறவு ஆமிச் சோதனைச்சாவடியில் கையை உயர்த்தி நின்று நின்று தோள்மூட்டு விட்டுப்போனவன் நான்.

"எங்களுக்கு அப்பிடி இல்லை. நீ எங்கடை ஆள், அதாலைதான் உன்னைத் தொடுறன் எண்டு அர்த்தம்" என்றார்.

பிறகு காரியங்கள் கசிந்தன. எங்கே கூட்டம், யார் வருகிறார் என்பதெல்லாம் பொலிசுக்கு முதலே தெரிந்தது. உள்ளே ஒரு உளவாளி இருக்கிறான் என்று எல்லாரையும்விடப் பெரிதாகச் சத்தம் போட்டவன் ட்வைற் என்று ஒருவன். அவன் விரல் நீட்டியது எல்றோயை. அதற்குள் பொலிஸ் எல்றோயைப் பிடித்து அடுத்தநாளே விட்டுவிட்டது. அவரோடு பிடித்த மற்றவர்களை விடவில்லை. வேறு சாட்சி என்னத்துக்கு?

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"வேணுமெண்டுதான் ஒருத்தனை வெள்ளன விடுறது, சிவா. வெளியிலை நிக்கிறவங்கள் மிச்சத்தைப் பாத்துக்கொள்ளுவாங்கள். அரசாங்கத்துக்கு ஒரு சதம் செலவில்லை."

ஆறு வருசமாக என்னை ஏன் விட்டார்கள் என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்தவன் நான். இப்படி ஒரு விளக்கம் இருக்கலாம் என்று எனக்கு ஒருநாளும் படவில்லை. ரெயில் அந்த நேரம் பார்த்து பள்ளத்தாக்குப் பாலத்துக்கு மேலே வந்தது. கீழே இலை உதிர்ந்த மரங்கள், ஒரு ஆறு. வாசகர்களே, இந்த இடத்தில் வலப்பக்கமோ இடப்பக்கமோ, எந்தப் பக்கம் இருந்தாலும் காட்சி நல்லது. எனக்கு அன்றைக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை.

மிச்சக் கதை சுருக்கம். பொலிஸ் விட்டதுக்கு அடுத்தநாள் எல்றோய் வாசலுக்குப் போனபோது ஹார்வி கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். தொடவில்லை. தொடாவிட்டால் உள்ளே போகமுடியாது. எல்றோய் பாலம் கடந்து கனடாவுக்கு வந்தார். சபை இரண்டாக உடைந்து தங்களுக்குள்ளே சுட்டுக்கொண்டது. வருசங்கள் போய் ஒரு வழக்கில் ட்வைற் கூண்டில் ஏறி, தான்தான் அரசாங்கச் சம்பளத்தில் இருந்த ஆள் என்று தானே சொன்னான். "ஒவ்வொருநாளும் அவனைத் தடவிப் பாத்தனாங்கள். கத்தியும் துவக்கும் தேடினம். அவன் வாயை மட்டுந்தான் கொண்டு வந்தவன்" என்றார் எல்றோய்.

உடைந்ததில் ஒரு துண்டு ரொறன்ரோவுக்கு வந்து பார்க்டேலில் ஒரு மண்டபம் எடுத்தது. எல்றோய்க்கு அது தெரியும். எல்றோய் நகரத்தின் கிழக்கே ஸ்காபரோவில் இருப்பது அவர்களுக்கும் தெரியும். ஒரே ரெயில் பாதை, பதினைந்து வருசம், ஒருவரும் ஒருவரைத் தேடிப் போகவில்லை. இப்போது பழைய தலைவர் செத்துப்போனார். அன்றைக்கு அவருக்கான கூட்டம். எல்றோய் வாசலுக்குப் போகிறார், அவ்வளவுதான் விசயம்.

லான்ஸ்டவுனில் இறங்கித் தெற்கே போகிற பஸ்ஸில் குவீன் தெரு மட்டும் பத்து நிமிசம். குளிர்காற்று ஏரிப்பக்கமிருந்து அடித்தது. மண்டபம் ஒரு தளபாடக் கடைக்கு மேலே. மரப்படி ஏறினால் வாசல். பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். வாசலில் நரைத்த தலையோடு ஒரு ஆள் ஒவ்வொருவரையும் தடவி உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். எல்றோயின் மூச்சு மாறியதில் எனக்கு விளங்கிவிட்டது, அதுதான் ஹார்வி.

எங்கள் முறை வந்தது. ஹார்வி நிமிர்ந்து பார்த்தார். அவருடைய கை அந்தரத்தில் நின்றது. பிறகு ஒரு பக்கம் ஒதுங்கி, தலை குனிந்து, உள்ளே கையைக் காட்டினார்.

"போ, எல்றோய். உன்னைச் சோதிக்கத் தேவையில்லை."

நான் அப்பாடா என்று ஒரு அடி வைத்தேன். எல்றோய் அசையவில்லை.

"எல்லாரையும் சோதிக்கிறாய்தானே?"

"எங்களுக்கு இப்ப எல்லாம் தெரியும். உன்ரை பக்கம் பிழை இல்லை. போ உள்ளை."

"தெரிஞ்சு எத்தினை வருசம், ஹார்வி?"

பின்னால் வரிசை நீண்டது. யாரோ என்ன பிரச்சினை என்று கேட்டார்கள். எல்றோய் கோட்டைத் திறந்து, இரண்டு கையையும் பக்கவாட்டில் உயர்த்தி, வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"சோதிக்காமல் விடுறது விருந்தாளியை. நான் விருந்தாளி இல்லை."

"என்னாலை ஏலாது, எல்றோய். எந்த முகத்தோடை உன்னைத் தொடுறது?"

"அண்டைக்கும் தொடேல்லை. இண்டைக்கும் தொடமாட்டாயோ?"

அந்தக் கைகள் உயர்ந்தபடியே நின்றன. ஐம்பது தாண்டின கை, எவ்வளவு நேரம் நிற்கும்? இறக்குவார், இறக்கிவிட்டு என்னோடு படியிறங்குவார் என்றே நினைத்தேன். இறக்கவில்லை மனிசன். கடைசியில் ஹார்விதான் கிட்ட வந்தார். தோளில் தொடங்கினார். கை நீளம், விலா, இடுப்பு, பொக்கற் ஒன்று ஒன்றாக. பிறகு முழந்தாளிட்டு இருந்து கால் இரண்டையும் தடவிக் கொண்டுபோய், சப்பாத்துக்கு மேலே கணுக்காலைப் பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டார். எழும்பவில்லை. எல்றோய் ஒரு கையை இறக்கி அவருடைய நரைத்த தலையில் வைத்தார்.

"இவனையும் சோதி, என்னோடை வந்தவன்" என்று எல்றோய் என்னைக் காட்டினார். நான் கையை உயர்த்தினேன். வாழ்க்கையில் முதல்தரம் வெட்கமில்லாமல் உயர்த்தினேன்.

கூட்டம் முடிய ஐந்து மணி. எல்றோய் சாப்பாட்டுக்கு அவர்களோடு தங்கிவிட்டார். எனக்கு அந்த மேசையில் என்ன வேலை. தனியே பஸ், தனியே ரெயில். பாலம் வந்தபோது வெளியே இருட்டு, கண்ணாடியில் என்னுடைய முகம்தான் தெரிந்தது. அவ்வளவு தனிமையை நான் கனடா வந்த முதல்நாள்கூட அனுபவிக்கவில்லை.

எங்கள் கட்டடத்து லிப்ற்றில் நடராசா அண்ணை. அதே சிரிப்பு. என்ன பிசாசு பிடித்ததோ, "அண்ணை, என்னட்டைக் கேக்கவேண்டியதை ஒருக்காக் கேளுங்கோ" என்றேன்.

"உதெல்லாம் பழங்கதை தம்பி. நான் ஒண்டும் மனசிலை வைச்சிருக்கேல்லை. நீர் போய் ஆறுதலா இரும்" என்று சொல்லி ஒன்பதாம் மாடியில் இறங்கினார். கதவு மூடியது.

திங்கட்கிழமை எல்றோயிடம் நடராசா அண்ணையின் கதையை முழுக்கச் சொல்லி, முடிவில் சொன்னேன்: "அவர் என்னைச் சோதிக்காமல் விட்டிட்டார்."

"அப்ப நீ என்ன செய்தனி?"

"லிப்ற் மூடிட்டுது. மேலை போயிட்டன்."

அவர் பெட்டி ஒட்டுகிற வேலையை நிறுத்தினார். "ஏன், உங்கடை லிப்ற் திரும்பக் கீழை இறங்காதோ?"

இதே வழியில் போக நினைக்கிற ஆட்களுக்கு: இப்போது மாறுசீட்டுத் தொல்லை இல்லை, அட்டையைத் தட்டினால் போதும். நவம்பரில் போனால் காதை மூடிக்கொண்டு போங்கள். வார இறுதியில் பாதை திருத்தம் என்று ரெயிலை நிறுத்திவிடுவார்கள், முதலே விசாரியுங்கள். அந்த மண்டபம் இப்போது இல்லை, வாடகை ஏறி எல்லாரும் போய்விட்டார்கள். ஆனால் யாராவது ஒரு வாசலில் உங்களைத் தடவிச் சோதித்தால் உடனே கோபப்படாதேயுங்கள். அவரை ஒருமுறை பாருங்கள், ஆமிக்காரனா சினேகிதனா என்று. சினேகிதன் என்றால் கோட்டை நீங்களே திறந்துவிடுங்கள்.

நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாம் மாடிக்கு இறங்கினேன். நடராசா அண்ணை கதவைத் திறந்து, "ஒண்டுமில்லைத் தம்பி, எனக்கு உம்மிலை கோவமில்லை, போம்" என்றார். போகவில்லை. இன்னொருதரம் சொன்னார். நான் அசையவில்லை. அவருடைய சிரிப்புக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது.

"என்ரை தம்பி இன்னும் வரேல்லை" என்று கத்தினார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. "ஏழு பேரிலை உன்னை மட்டும் ஏனடா விட்டவங்கள்? சொல்லு!"

ஆறு வருசத்துக்குப் பிறகு அந்தக் கேள்வி. எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது.

"எனக்குத் தெரியாது அண்ணை" என்றேன். "சத்தியமாத் தெரியாது."

அவர் என்னை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தார். நம்பினாரோ இல்லையோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிறகு கதவை அகலத் திறந்தார்.

"சப்பாத்தை உதிலை கழட்டிப்போட்டு உள்ளை வாரும்."