நாங்க நல்லாத்தான் இருக்கோம்

மனைவி இறந்த பிறகும் அவர் ‘நாங்க’ என்றுதான் பேசிக்கொண்டிருந்தார். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. காலையில் என்ன சாப்பாடு என்று உடன் வேலை செய்பவர்கள் கேட்டால், நேற்றைய மிச்சத்தையே நாங்க சூடு பண்ணிக்கிட்டோம் என்பார். ஃபோர்மேன் ஒருநாள், நீ என்ன ராஜாவா, உன்னையே பன்மையில் சொல்லிக்கொள்ள என்று கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். வருஷக்கணக்காக வாயில் ஊறிய சொல். ‘நான்’ என்று தொடங்கினால் பேச்சு பாதியில் நொண்டியது.

ஒரே மகன், தன் மனைவி, மகளோடு தனியாக இருந்தான். அவர்கள் மூன்று அறை வீடு பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து, மூன்றாவது அறை யாருக்கு என்று அவர் மனம் கோட்டை கட்டியது. அலமாரியை ஒழித்தார். மனைவியின் துணிகளை அக்கம்பக்கத்தில் கொடுத்தும்விட்டார்.

மகன் போன் செய்தபோது மோட்டார் அறையில் எண்ணெய்க் கையோடு நின்றிருந்தார்.

“வீடு முடிஞ்சிடுச்சுப்பா. அடுத்த மாசம் நாங்க குடி போறோம். நீங்க ஒருநாள் வந்து பாருங்க.”

‘நாம’ என்றிருந்தால் அதற்குள் அவரும் இருந்திருப்பார். ரொம்ப சந்தோஷம் என்று சொல்லி வைத்தார். பிறகு, ஏற்கெனவே பார்த்து முடித்த பிரேக்கை மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

அவர்கள் குடிபோன பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார். மருமகள் நன்றாகத்தான் கவனித்தாள். மூன்றாவது அறையில் பேத்தியின் மேசையும் வண்ணப் பெட்டிகளும் இருந்தன. படம் வரைந்துகொண்டிருந்தவள் தலை நிமிராமலே கேட்டாள்.

“தாத்தா, உங்க வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?”

“நாங்க...” என்று தொடங்கியவர் நிறுத்தினார். “நான் மட்டும்தாம்மா.”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. வாசலருகில் நின்ற மகன் திரும்பிப் பார்த்தான்.

மாலையில் பஸ் நிறுத்தம்வரை மகன் கூட வந்தான். பஸ் வந்து நின்றதும் சொன்னான்:

“எப்ப போன் பண்ணாலும் ‘நாங்க நல்லாத்தான் இருக்கோம்’னு சொல்வீங்க. நானும் அப்படியே நெனச்சிட்டேன்பா.”

பரவாயில்லை, நீ பார்த்துப் போ என்று ஏறிக்கொண்டார்.

இப்போது புதன்கிழமைகளில் மகன் வேலை முடிந்ததும் நேராக அப்பா வீட்டுக்கு வருகிறான். எங்களோடு வந்து இருங்கள் என்று அவன் கூப்பிடவில்லை, இவரும் கேட்கவில்லை. இருவரும் சாப்பிட்டுவிட்டு டிவி பார்க்கிறார்கள். மற்ற நாட்களில் அவர் ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சீக்கிரமே படுத்துவிடுகிறார்.