காசிம் காக்காவின் பதினாறாவது அடி

கணினியில் ரபான் மேளம் அடிக்கிறவனுக்குக் கை வலிக்காது, கண்தான் வலிக்கும். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை.

அன்று சாய்ந்தமருதில் என் முன்னறையில் இருந்தவர்கள்: நான், பாட்டுக்குழுத் தலைவர் சலீம் மாஸ்டர், அவருக்கு முப்பது வருடமாக ரபான் அடிக்கும் காசிம் காக்கா (வலது கையில் பிளாஸ்டர்), அவர் மனைவி ஜெமீலா ராத்தா (கையில் தேத்தண்ணிப் பிளாஸ்க்), மேசைக்கடியில் ஒரு பூனை.

எல்லாம் நூறு

சனிக்கிழமை கல்முனையில் ஒரு பாடசாலைப் பரிசளிப்பு விழா. காசிம் காக்கா வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டதால் ரபானை நான் கணினியில் அடித்துக் கொடுக்க வேண்டும். “இது சரி வந்தா இனிப் பென்ட்ரைவ் ஒண்டு போதும். வேனில ஒரு இடமும் மிச்சம்” என்றார் மாஸ்டர். காசிம் காக்கா பிளாஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆங்கிலம் வராது, இலக்கம் வரும். மென்பொருளில் வெலோசிட்டி என்று ஒன்று உண்டு: ஒவ்வொரு அடியின் பலத்துக்கும் ஒன்று முதல் நூற்றிருபத்தேழு வரை ஒரு இலக்கம். ஒரு சுற்றுக்குப் பதினாறு அடி, இருபத்துநாலு சுற்று, மொத்தம் முந்நூற்றெண்பத்துநாலு. எல்லாம் நூறில் இருந்தன. போட்டுக் காட்டினேன்.

காசிம் காக்கா சொன்னார்: “இது ரபான் இல்ல தம்பி, நெல்லு மில்லு.”

ஒரு பொத்தான்

இலக்கங்களைத் தானாகவே கூட்டிக் குறைத்து, மனிதர் அடித்தது போல ஆக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது. கூச்சத்தோடுதான் அமத்தினேன். கஷ்டப்படாமல் வருவதை நான் நம்புவதில்லை. பூனை எழுந்து வெளியே போனது.

காசிம் காக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “ஆரோ நுளம்பு அடிக்கிறான்” என்று இடது கையால் தொடையில் கொசு அடித்துக் காட்டினார்.

ராத்தாவின் காது

பிறகு அவரையே இடது கையால் மேசையில் தட்டச் சொன்னேன். ஓங்கிய அடிக்கு நூற்றுப்பதினெட்டு, விளிம்படிக்கு எழுபத்துநாலு என்று ஒவ்வொன்றாக மாற்றினேன். அசர் தொழுகைக்கு முன் எல்லாம் முடிந்தது. காசிம் காக்காவாலும் பிழை சொல்ல ஏலவில்லை. அதுதான் அவருக்குக் கவலை.

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த ஜெமீலா ராத்தா தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: “தொப்பி எங்க?” நாலு சுற்றுக்கு ஒருதரம், கடைசி அடியில், மனுசன் வலது கையால் தொப்பியைச் சரிசெய்வாராம். அந்த அடி ரபானைப் பிடித்திருக்கும் இடது கை விரலால்தான் மெதுவாக விழுமாம்.

“நான் எப்ப தொப்பியத் தொட்டன்?” என்று காசிம் காக்கா கோபத்தோடு இடது கையால் தொப்பியைச் சரிசெய்து தலையை ஒருதரம் ஆட்டினார். ஆறு இடத்தில் இலக்கத்தை இருபத்திரண்டுக்கு இறக்கினேன். ராத்தா கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஓம், இப்ப இவர்தான். இனி இவர வீட்டுக்குக் கூட்டிப் போறன்.”

பென்ட்ரைவ் பாட்டு

அடுத்த நாள் ஒத்திகைக்கு மாஸ்டர் தனியாக வந்தார். பாட்டில் ஐந்து சரணம். தாளம் நாலு சுற்று ஓடியதும் முதலாவது தொடங்க வேண்டும். இருபத்திரண்டு விழுந்தது. மாஸ்டர் வலது பக்கம் திரும்பினார். அங்கே என் மின்விசிறிதான் நின்றது. இதுபோல ஐந்து இடத்திலும் பாட எடுக்கப் பிந்தினார். ஆறாவதில் தாளம் நின்ற பிறகும் பாடிக்கொண்டே இருந்தார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தொப்பியைத் தொடும்போது காசிம் காக்கா தலையையும் ஆட்டுவார். மாஸ்டர் பாட எடுப்பதும் நிறுத்துவதும் அதைப் பார்த்துத்தான். முப்பது வருடமாக இரண்டு பேருக்கும் அது தெரியாது. நான் சொன்னதும் மாஸ்டர் என்னை முறைத்தார். பிறகு போனை எடுத்தார்.

“மச்சான், கை உடைஞ்சா என்ன, தல இரிக்குதானே? சனிக்கிழம வேனுக்கு நேரத்தோட வா.”

முந்நூற்றெண்பத்துநாலு அடிக்கும் இலக்கம் போட்டு முடித்தேன். இலக்கம் போட ஏலாமல் மிஞ்சியவை தலையாட்டல் ஆறு.