சிக்கன் வண்டி மேல் நான் போட்ட பழி

கடத்தூரில் எங்கள் தெருமுனையில் சாயங்காலம் நாலரைக்கெல்லாம் ஒரு குட்டி யானை வண்டி வந்து நிற்கும். அதன் பின்பக்கத்தில் அடுப்பும் எண்ணெய்ச் சட்டியும் பொருத்தி, புருஷனும் பெண்டாட்டியுமாகச் சிக்கன் பொரித்து விற்றார்கள். வண்டி ஓட்டுவதும் கறி வெட்டுவதும் அவர். பொரிப்பது அந்த அக்கா. மிளகாய் அரைத்துத் தடவிய கறி எண்ணெயில் இறங்கியதும் பக்கத்தில் நிற்கிறவர்கள் தும்முவார்கள். கடைசியில் ஒரு பிடி கறிவேப்பிலையைப் பொரித்து மேலே தூவித் தருவார். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் கண்ணில் தண்ணீர் வழிய வழியத் தின்பாள். "பாப்பாவுக்கு மட்டும் காரம் கம்மியா போடட்டுங்களா?" என்று அக்கா கேட்டால் அவளுக்குக் கோபம் வந்துவிடும்.

நான் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை பார்க்கிறேன். ஊசியைத் தொட்டதுகூடக் கிடையாது. ஆனால் தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது.

அன்று காலை அவசரத்தில், முந்தின நாள் அரைத்த தேங்காய்ச் சட்னியை மகளின் டப்பாவில் வைத்தேன். முந்தின நாள் பாதிப்பொழுது கரண்ட் இல்லை. சட்னியை முகர்ந்தபோது லேசாகப் புளித்த வாசம் வந்தது. பள்ளி வேன் ஹாரன் அடித்தது. டப்பாவை மூடிக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் வந்ததும், "அம்மா, சட்னி ஒரு மாதிரி இருந்துச்சு" என்றாள். நான் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தேன்.

அதற்குப் பிறகுதான் சிக்கன் வாங்கி வந்து மூவரும் சாப்பிட்டோம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மகள் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். என் வீட்டுக்காரர் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "என்னத்தடி குடுத்த?" என்று கத்தினார்.

"நான் என்ன குடுத்தேன்? எல்லாம் அந்த வண்டிச் சிக்கன்தான்."

சொன்ன வேகத்திலேயே போனை எடுத்தேன். தெருக்காரர்களும் பள்ளிப் பெற்றோர்களும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் பேசி அனுப்பினேன். "தெருமுனை வண்டியில யாரும் சிக்கன் வாங்காதீங்க. எங்க பாப்பா ஒரே வாந்தி. எண்ணெயும் சரியில்ல, கறியும் சரியில்ல. கிளினிக்ல இருக்கறவ, தெரிஞ்சுதான் சொல்றேன்." அவர்களுடைய எண்ணெயை நான் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. அதே சிக்கனைத் தின்ற எங்கள் இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதும் பேசும்போதே எனக்குத் தெரியும்.

மறுநாள் மகள் எழுந்து விளையாடப் போய்விட்டாள். வண்டிப் பக்கம் யாரும் போகவில்லை.

மூன்றாம் நாள் அந்த அக்கா கிளினிக்குக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். யாரோ நான் பேசியதைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். குரலை வைத்தே என்னைக் கண்டுபிடித்திருக்கிறார்.

"பாப்பாவுக்கு இப்ப எப்படிங்க இருக்குது?"

"பரவால்ல."

"கறி வேகாம கீது இருந்துச்சுங்களா? எங்க தப்பு நடந்துச்சுன்னு சொன்னீங்கன்னா திருத்திக்குவோம். வூட்டுக்காரரு ரெண்டு நாளா சரியா சாப்பிடலீங்க. ஒரு கொழந்தைக்கு ஆவாதத குடுத்துட்டமேன்னு."

அப்போது சொல்லியிருக்கலாம். பெஞ்சு நிறைய ஆட்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எனக்குச் சரியாத் தெரியலீங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த டோக்கன் நம்பரைக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவர் போய்விட்டார். அந்த வாரத்தோடு வண்டி வருவதும் நின்றுபோனது.

மாதா கோயிலில் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது இதைச் சொன்னேன். அங்கே சொல்வது சுலபமாக இருந்தது. பாரம் இறங்கிவிட்டதாக நானே நினைத்துக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து, பென்னாகரத்தில் இருக்கும் என் நாத்தனார் ஒரு ஆடியோ அனுப்பி, "பாத்து இருங்க அண்ணி, ரோட்டுக் கடையில வாங்கித் தராதீங்க" என்று எழுதியிருந்தாள். போட்டுக் கேட்டேன். என் குரல். யார் யாரோ அனுப்பி வந்ததைச் சரியாகக் கேட்காமலே அனுப்பியிருக்கிறாள்; யாருடையது என்று அவளுக்கே தெரியவில்லை. அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வண்டி பாலக்கோட்டில் தக்காளி மார்க்கெட் பக்கம் நிற்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். அக்கா என்னைப் பார்த்ததும் கரண்டியை நிறுத்தினார். அவர் புருஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அக்கா, உங்க சிக்கன்னால இல்லீங்க. நான் குடுத்த சட்னி கெட்டுப் போயிருந்துச்சு. அது அன்னிக்கே எனக்குத் தெரியும்."

அவர் சட்டியிலிருந்த கறியை அள்ளித் தட்டில் போட்டார்.

"எங்கிட்ட சொன்னா எனக்குத்தானுங்க தெரியும்" என்றார். "அவங்களுக்கெல்லாம் சொன்னீங்களே, அதே மாதிரி சொல்லுங்க."

அங்கேயே, அவர்கள் இருவரும் பார்க்க, போனில் பேசினேன். முதல் தடவை பாதியில் நிறுத்திவிட்டேன். இரண்டாவது தடவை முழுதும் சொல்லி அனுப்பினேன். நாத்தனாருக்கும் அனுப்பினேன். அக்கா "சரிங்க" என்றார், அவ்வளவுதான். மார்க்கெட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர் பொரிக்கத் திரும்பிவிட்டார். நான் அங்கே நிற்பதா போவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றுவிட்டு வந்தேன்.

குரூப்பில் இரண்டு பேர் கட்டைவிரல் போட்டார்கள். வேறொருவர் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டிருந்தார். வீட்டுக்காரர் அன்று என்னிடம் பேசவில்லை. மறுநாள் டோக்கன் வாங்க வந்த ஒரு பெண், "கிளினிக்ல இருந்துக்கிட்டு இப்படிப் பண்ணலாமாங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"பண்ணியிருக்கக் கூடாதுதாங்க" என்றேன்.

அவர்கள் கடத்தூருக்குத் திரும்பி வரவே இல்லை.